கப்பலுக்குள் இருந்த மஞ்சள்

அவர் கையுறை போட்டார். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக் கிணற்றடி. காலை வெயில் ஓலை வேலிக்கு மேலால் ஏறி வந்துகொண்டிருந்தது. இலண்டனில் இருந்து வந்திருந்த அந்த மனிதர் வெள்ளைச் சப்பாத்தோடு ஈர நிலத்தில் முழந்தாளிட்டார். முதுகுப் பையைத் திறந்து, மெல்லிய நீல நிற இறப்பர்க் கையுறைகளை எடுத்து, விரல் விரலாக இழுத்து மாட்டினார். அதன் பிறகுதான் எங்கள் 'கப்பலை'த் தொட்டார்.

தொட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் விறாந்தையில் இருந்தேன். தொப்புள் அப்போதுதான் விழுந்திருந்த மகன் மடியில் கிடந்தான். எவ்வளவு மரியாதையாகத் தொடுகிறார் என்று நினைத்தேன். கை வியர்வை பட்டுப் பழைய பொருள் பழுதாகிவிடக் கூடாது என்ற கவனம் என்று நினைத்தேன். நான் விஞ்ஞானப் பட்டதாரி. இரசாயனவியல் படித்தவள். அப்படித்தான் நினைத்தேன்.

சென்ற வாரம் பிரசவ விடுதியைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டிருந்தார். இந்த வாரம் கோபம் இல்லாமல் ஒன்று எழுதுவோம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை, அக்கா.

காலை வையாதை!

நான் தென்மராட்சிக்காரி. சாவகச்சேரிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். கலியாணம் முடித்து, வட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடல்நீரேரியை ஒட்டியிருக்கும் இந்த ஊருக்கு வந்த முதல் நாளே கப்பலைக் கண்டேன்.

கண்டேன் என்றால், கிணற்றடியில் நீளமான ஓர் அலுமினியத் தொட்டி கிடந்தது. ஒரு முனை தோணி போலக் கூராக இருந்தது. மேற்புறத்தை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். உடம்பெல்லாம் ஆணித் தலைகள், தையல் போட்டது போல நிரை நிரையாக. உள்ளே குறுக்குத் தகடுகளால் பிரித்த மூன்று அறைகள். மாட்டுத் தொட்டி என்று நினைத்து, சேற்றுக் காலைக் கழுவ உள்ளே வைக்கப் போனேன்.

"பிள்ளை! அதுக்கை காலை வையாதை!"

மாமி போட்ட சத்தத்தில் வேலியில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. மாமி என்னைப் பார்த்துக் கத்திய முதல் தடவை அது.

கதையை என் வீட்டுக்காரர், இவர்தான், பிறகு சொன்னார். யுத்தகாலம். எங்களுடைய யுத்தம் அல்ல, அதற்கு முந்தின வெள்ளைக்காரனின் யுத்தம். தண்ணீரில் இறங்கக்கூடிய விமானம் ஒன்று ஏதோ கோளாறில் எங்கள் கடல்நீரேரியில் இறங்கியது. மேலே இருந்து பார்த்தவனுக்கு அது கடலாகத் தெரிந்திருக்க வேண்டும். இறங்கிய பிறகுதான் முழங்கால் தண்ணீர் என்று விளங்கியிருக்கும். சேற்றில் குந்திவிட்டது. மீட்க வந்தவர்கள் விமானத்தை இழுத்துக்கொண்டு போனார்கள், உடைந்து விழுந்த மிதவை ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். இவருடைய பூட்டனார் அதைக் கரைக்கு இழுத்து வந்து, மேற்தகட்டை வெட்டித் தொட்டியாக்கினார்.

அந்த வருடம் பிறந்த பிள்ளையை முப்பத்தோராம் நாள், பிறப்புத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவில், அதற்குள் வைத்துக் குளிக்க வார்த்தார்களாம். பிள்ளை நன்றாக வளர்ந்தது. அன்று தொடங்கியது. கப்பலில் குளித்த பிள்ளை எந்த நாளும் தண்ணீரில் மூழ்கிச் சாகாது என்பது இந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. நீரேரிக் கரையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று எனக்கும் தெரியும். அதனால் நான் சிரிக்கவில்லை.

மஞ்சள்

கப்பலின் உட்புறம் முழுக்க மஞ்சள். பச்சை கலந்த மஞ்சள்.

இந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பூசிக் குளிப்பாட்டிய மஞ்சள் ஊறி ஊறி அப்படிப் பிடித்துக்கொண்டது என்று மாமி சொல்வார். ஆகவே அதற்குள் சவர்க்காரம் போடக் கூடாது. தும்புக்கட்டையால் உரஞ்சக் கூடாது. முப்பத்தொன்றுக்குக் குளிக்க வார்க்கும் முன், மாமி வலது பெருவிரலைத் தண்ணீரில் நனைத்துக் கப்பலின் உட்சுவரில் அழுத்தித் தேய்ப்பார். மாவாக மஞ்சள் வரும். அதைப் பிள்ளையின் நெற்றியிலும், இரண்டு உள்ளங்காலிலும் வைப்பார்.

என் மூத்தவள் ஆரணிக்கும் வைத்தார். இப்போது அவளுக்கு ஐந்து வயது. ஒவ்வொரு பிறந்தநாளிலும் வைத்தார். வெயில் காலத்தில் அவள் பின்னேரம் முழுக்கக் கப்பலுக்குள்தான். தண்ணீர் நிரப்பி, பிளாஸ்ரிக் வாத்தோடு.

மாமியை நான் இதில் இலேசாக எண்ணவில்லை. கப்பலின் அடியில் ஓர் ஓட்டை உண்டு, அதற்குத் திருகி மூடும் பித்தளை அடைப்பான் ஒன்றும் உண்டு. தொண்ணூறுகளில் எங்களுடைய யுத்தத்துக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது, மாமா கப்பலைத் தள்ளிக்கொண்டு போய்க் கேணியில் இறக்கி, அடைப்பானைக் கழற்றித் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டார். அலுமினியம் என்று யாரும் வெட்டி விற்றுவிடக் கூடாதே. அந்த அடைப்பானைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் மாமி தென்மராட்சி வரைக்கும் நடந்தார். வீட்டுப் பூட்டின் திறப்பு தொலைந்தது. காணி உறுதி நனைந்து எழுத்தழிந்தது. அடைப்பான் மட்டும் திரும்பி வந்தது. இன்றைக்கும் அது சாமியறையில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு பொருளைப் பற்றி மருமகள் என்ன கதைப்பது?

பென்சிலோடு பறந்தவர்கள்

கையுறைக்காரர் இவருடைய பள்ளித் தோழரின் அண்ணை. பழைய போர் விமானங்கள் என்றால் பைத்தியம். அதிலும் தண்ணீரில் இறங்குபவை. கப்பலின் படத்தை யாரோ காட்டியிருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இது கற்றலைனா அம்மா. பறக்கும் படகு. அதின்ரை செட்டை நுனியிலை இருக்கிற மிதவைதான் இது. விமானம் மேலை கிளம்பின உடனை இது மடிஞ்சு மேலை போய், செட்டையின்ரை நுனியாவே மாறிவிடும். திரும்ப இறங்கேக்கை கீழை வரும்" என்று மாமிக்குச் சொன்னார். சொல்லும்போது தன் இரண்டு கைகளையும் விரித்து, மணிக்கட்டை மடக்கியும் இறக்கியும் காட்டினார். ஆரணி அவருக்குப் பின்னால் நின்று அப்படியே செய்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் நன்றாகக் கதைத்தார். அந்த விமானத்துக்குள் சமைக்க அடுப்பு, படுக்கக் கட்டில், போட நங்கூரம் எல்லாம் இருந்ததாம். ஒரு நாள் முழுக்க இறங்காமல் பறக்குமாம்.

"அப்ப வீடெண்டு சொல்லன் தம்பி" என்றார் மாமி.

"வீடுதான் அம்மா. ஆனா பிரேக் இல்லை. தண்ணியிலை நிப்பாட்டிறதெண்டால் கன்வஸிலை தைச்ச வாளி மாதிரி ஒண்டைக் கயித்திலை கட்டி வெளியிலை எறிய வேணும்."

"எங்கடை மினிபஸ்காரருக்கும் உதிலை ரண்டு குடுத்துவிடு. வட்டுக்கோட்டைச் சந்தியிலை ஒருத்தனும் நிப்பாட்டிறானில்லை."

எல்லோரும் சிரித்தோம். நானும்.

அலை இருந்தால் பயமில்லையாம், கண்ணாடி போலத் தண்ணீர் கிடந்தால்தான் பயமாம். எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்று விமானிக்குத் தெரியாமல் போய்விடும். அந்தத் தண்ணீரில் இருந்து கிளம்புவதும் கடினம், அது வயிற்றைப் பிடித்து இழுக்கும். அதற்காகத்தான் விமானத்தின் அடியில் ஒரு படி வெட்டியிருக்கிறார்களாம், காற்றுப் புகுந்து பிடியை விடுவிக்க. இன்னொன்றும் சொன்னார். பாரமாக இறங்கும்போது அடித்தகட்டு ஆணிகள் தெறித்துவிடும், ஓட்டையால் தண்ணீர் பீறிடும். அதற்காக உள்ளே இருப்பவர்கள் பென்சில்களைச் சீவித் தயாராக வைத்திருப்பார்களாம். ஓட்டைக்குள் செருகி, முறித்து விட்டால் அடைபட்டுவிடும்.

அந்தப் பென்சில்காரர்களை எனக்கு மிகவும் பிடித்தது. எந்த ஆணி தெறிக்கும், எதால் தண்ணீர் வரும் என்று எந்நேரமும் யோசித்துக்கொண்டு, சீவிய பென்சிலோடு இருக்கும் மனிதர்கள். என்னைப் போல.

பிறகு அவர் கப்பலின் உட்புறத்தைக் காட்டி, "இந்தப் பெயின்ற் அசல் பெயின்ற் அம்மா. அந்தக் காலத்திலை அடிச்சது. தயவுசெய்து ஒருத்தரும் தேய்க்காதேங்கோ" என்றார்.

"பெயின்றோ? நல்ல கதை. அது மஞ்சள்." மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பத்தொன்றைப் பற்றி முழுக்கச் சொன்னார். பெருவிரலை நனைத்தார், தேய்த்தார், பக்கத்தில் நின்ற ஆரணியை இழுத்து நெற்றியில் வைத்தும் காட்டினார்.

அவர் தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "அருமை அம்மா. எனக்காண்டி திரும்ப ஒருக்கால் செய்யுங்கோ, வெளிச்சம் காணாது" என்றார்.

மாமி திரும்பவும் வைத்தார்.

தேத்தண்ணி

நான் தேநீர் கொண்டுவந்தேன். அவர் கையுறைகளை உட்புறம் வெளியே வரும்படி கழற்றி, ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு முடிந்தார். பிறகு கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் கேட்டு வாங்கி, முழங்கை வரைக்கும் கழுவினார். கழுவி முடித்து இன்னொரு முறை கழுவினார். அதற்குப் பிறகுதான் கோப்பையைத் தொட்டார்.

பொருளைக் காப்பாற்றக் கையுறை போட்டவர், எதற்குக் கையை இப்படிக் கழுவுகிறார்?

மாமி உள்ளே போகும் வரை பொறுத்திருந்து கேட்டேன். "அண்ணை, அந்த மஞ்சள் என்ன?"

அவர் கோப்பையைப் பார்த்தார். "அது... துரு பிடிக்காமல் இருக்க அடிக்கிற பூச்சு தங்கச்சி. சிங்க் குரோமேற்று."

குரோமேற்று. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அந்தப் போத்தலைக் கையுறை இல்லாமல் தொட விடமாட்டார்கள். தூசியைச் சுவாசிக்கக் கூடாது, தோலில் படக் கூடாது, புற்றுநோய் வரலாம் என்று படித்து, எழுதி, புள்ளியும் வாங்கியவள் நான். அதே சாமான் என் பிள்ளையின் நெற்றியில் ஈரம் காயாமல் இருக்கிறது.

"நஞ்சுதானே?"

"கொஞ்சம் கவனமா இருக்க வேணும். நாங்கள் பழைய விமானங்களைத் தொடேக்கை வழமையா..."

"மாமி பிள்ளைக்குப் பூசேக்கை நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"ஓம்."

"ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் முகத்தில் உண்மையாகவே பணிவு இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது. "தங்கச்சி, அது உங்கடை பாரம்பரியம். எவ்வளவு அழகான விசயம்! வெளியிலை இருந்து வந்த நான் அதுக்கை தலையிடக் கூடாது எண்டு நினைச்சன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்று சொன்னேன். அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

சொல்ல வேண்டியது எல்லாம் கோப்பையைக் கழுவும்போதுதான் வந்தது. உமக்குக் கையுறை, எங்களுக்குப் பாரம்பரியமா? வீடியோவில் வெளிச்சம் காணாது என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு, பிள்ளையில் பூச வேண்டாம் என்று சொல்லத் தெரியாதா? தலையிடக் கூடாது என்ற மரியாதை, பெயின்றைத் தேய்க்காதே என்று சொல்லும்போது எங்கே போயிருந்தது?

அந்த வீடியோ இரண்டு நாளில் வெளியே வந்தது. மாமியின் பெருவிரலும் ஆரணியின் நெற்றியும். கீழே வரிசையாக இதயப் படங்கள்.

மாம்பழத்துக்கும் சவுக்காரமோ?

அன்றே இவரிடம் சொன்னேன்.

"என்ரை அப்பா குளிச்சவர். நான் குளிச்சனான். எங்களுக்கு என்ன வந்தது?" என்றார்.

என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. மழைக் காலத்தில் இவருக்கு விரல் இடுக்கெல்லாம் வெடிக்கும். மாமியின் வலது பெருவிரலில் ஆறாத வெடிப்பு ஒன்று எப்போதும் இருக்கிறது. பாத்திரம் கழுவுவதால் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதுவாகவும் இருக்கலாம். உறுதியாகத் தெரியாத ஒன்றை நான் சொல்ல மாட்டேன். அதுதான் என் பலவீனம். உறுதியாகத் தெரியாதவர்கள் எல்லோரும் இந்த வீட்டில் உரத்துக் கதைக்கிறார்கள்.

என் பயங்களுக்கு இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. கிணற்றுக்கு வலை போடச் சொன்னேன். காஸ் சிலிண்டரை வெளியே வைக்கச் சொன்னேன். முற்றத்துச் சிரட்டைகளை எல்லாம் கவிழ்த்தேன். ஒரு முறை சந்தையில் வாங்கிய மாம்பழத்தை இரண்டு தண்ணீரில் கழுவியதைப் பார்த்து மாமி, "தென்மராட்சியிலை மாம்பழத்துக்கும் சவுக்காரம் போடுறவையோ?" என்று கேட்டார். இவர் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்.

ஆகவே குரோமேற்றும் மாம்பழத்தோடு போய்ச் சேர்ந்தது.

தாயையும் பிள்ளையையும் பார்க்கும் குடும்பநல மாது வீட்டுக்கு வந்தபோது கேட்டேன். "பழைய பெயின்ற் எண்டால் பிள்ளையை வைக்காமல் விடுறது நல்லம்தானே" என்றா. மாமி பக்கத்தில் நின்று, "அது பெயின்ற் இல்லை மிஸ்ஸி, மஞ்சள்" என்றார். "மஞ்சள் எண்டால் பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டு அவ போய்விட்டா.

முப்பத்தொன்று நெருங்கியது. நான் ஒவ்வொரு நாளும் சொன்னேன். சாப்பாடு போடும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன். பிறகு படுத்திருந்து, நான்தான் பிழையோ என்றும் யோசித்தேன். எல்லாம் ஊறிப்போன மஞ்சள்தானோ? கையுறைக்காரர் தன் ஆசைக்கு ஏதோ சொன்னாரோ?

அப்படி யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஆரணியின் வெள்ளைச் சட்டையில் பட்ட கறிக் கறையைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். சவர்க்காரம் பட்டதும் கறியின் மஞ்சள் இரத்தம் போலச் சிவந்தது.

முப்பத்தொன்று

மச்சாள், அதாவது இவருடைய தங்கை, விடியவே வந்துவிட்டா. வேப்பிலை போட்ட தண்ணீர் கொதித்து இறங்கியது. மாமி தலைக்குத் தோய்ந்து, சாமியறையில் இருந்து அடைப்பானைக் கொண்டுவந்து கப்பலின் ஓட்டையில் திருகினார். நான் பிள்ளையோடு நின்றேன்.

"மாமி, ஒருக்கால் பொறுங்கோ."

"என்ன பிள்ளை, நேரம் போகுது."

பிள்ளையை மச்சாளிடம் கொடுத்தேன். வெள்ளைத் துணி ஒன்றில், ஒரு மூலையில் குசினியில் கறிக்குப் போடும் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். மற்ற மூலையை நனைத்துக் கப்பலின் உட்சுவரில் தேய்த்தேன். இரண்டும் மஞ்சள். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டியை எடுத்தேன்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், இதை நான் முன்கூட்டியே செய்து பார்க்கவில்லை. பயம். கப்பல் மஞ்சளும் சிவந்துவிட்டால், இந்த வீட்டில் இனி எதைப் பற்றியும் வாய் திறக்க முடியாது. சிவக்காவிட்டால், அதைவிடப் பயம்.

குசினி மஞ்சளில் தேய்த்தேன். குப்பென்று சிவந்தது.

கப்பல் மஞ்சளில் தேய்த்தேன். பச்சை கலந்த மஞ்சளாகவே இருந்தது. இன்னும் தேய்த்தேன். அப்படியே இருந்தது.

சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று அங்கே நின்ற பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வாழ்நாள் முழுக்கச் சட்டை தோய்த்தவர்கள்.

மாமி என் கையில் இருந்து துணியைப் பறித்தார். தானே கப்பலின் வேறோர் இடத்தில் தேய்த்தார். தானே சவர்க்காரம் போட்டார். பிறகு மச்சாளைப் பார்த்து, "சுண்ணாம்பு கொண்டா" என்றார். வெற்றிலைத் தட்டில் இருந்து சுண்ணாம்பு வந்தது. பெருவிரலால் தொட்டு உட்சுவரில் இழுத்தார். வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது. அது வெள்ளையாகவே காய்ந்தது.

மாமி தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். வெடித்த இடத்தைப் பார்த்தாரா, மஞ்சளைப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது.

"பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டு வா" என்று மச்சாளிடம் சொன்னார். குனிந்து அடைப்பானைத் திருகிக் கழற்றினார். பிறகு என்னிடம், "உதை முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார்.

"சொன்னனான் மாமி." என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "ஒவ்வொரு நாளும் சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை. சிரிச்சனீங்கள்."

இவர் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மாமி மகனை அண்டாவில் வைத்துக் குளிக்க வார்த்தார், இடது கையால்.

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இன்னும் இல்லை. மகன் தப்பிவிட்டான் என்று நினைக்கும்போதே, ஐந்து வருட வெயில் காலமும், பிளாஸ்ரிக் வாத்தும், வெளிச்சம் காணாது என்று இரண்டாம் முறை வைத்ததும் வந்து நிற்கின்றன. யாரிடம் போய்க் கத்துவது? இலண்டனுக்கு அழைத்துக் கத்தலாம். அவர் பணிவாகக் கேட்டுக்கொள்வார்.

பிள்ளையைத் துவட்டித் தூக்கியபோதுதான் ஆரணியைக் காணவில்லை என்று கவனித்தேன்.

கிணற்றுக்குப் பின்னால் நின்றாள். கையில் அந்தச் சவர்க்காரக் கட்டி. பாட்டி மஞ்சள் வைக்கும் இடத்தில், நெற்றியில், தேய்த்துக்கொண்டிருந்தாள். நுரை கண்ணுக்குள் வழிந்து, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். ஆனாலும் கையை நிறுத்தவில்லை.

"அம்மா, எனக்குச் சிவந்திட்டுதோ?"

நான் நுரையை வழித்துவிட்டுப் பார்த்தேன். நெற்றி சிவந்துதான் இருந்தது. தேய்த்ததில் சிவந்தது.